சிவப்புக் கயிறு கட்டிய ஹோஸ்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே முதலில் சொல்லிவிட்டால் வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்காது. திண்டுக்கல் பைபாஸில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வருகிற லாரி டிரைவர்கள் "கண்ணுசாமி அண்ணன் இருக்காரா?" என்று கேட்பதற்கு முன்னால், "அக்கா இன்னைக்குக் கோவமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார்கள். பேச வேண்டாத இடத்தில் எல்லாம் பேசி வம்பை விலைக்கு வாங்கியவள் நான். பேசியே ஆக வேண்டிய நேரத்தில் இரண்டே இரண்டு தடவைதான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த இரண்டு தடவையும் ஒரே ஆள் விஷயத்தில்.

என் வீட்டுக்காரர் கண்ணுசாமி, ஓடி ஓய்ந்த லாரி எஞ்சின்களைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, புதுசு போலப் பூட்டிக் கொடுப்பவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் வண்டிகளில் பாதி அவர் கைபட்டவை. அவர் சாதுவான மனுஷன். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் கறார். எஞ்சினை முடித்துச் சாக்குத் துணி போட்டு மூடிவிட்டால் அதற்குப் பிறகு ஒருவரும் தொடக் கூடாது. நானும் தொடக் கூடாது.

எனக்கு அது பிடிக்காது. பட்டறையை விட்டுப் போகிற ஒவ்வொரு எஞ்சினுக்கும் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, சூடம் காட்டி அனுப்புவது நான். அதற்காகவே கோட்டை மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு கொத்துச் சிவப்புக் கயிறு எப்போதும் தொங்கும். "பழத்தச் சுத்துறியா, சுத்திட்டுத் தள்ளி வந்துரு. கைய வைக்காத" என்பார். போன ஆவணியில் ஒரு எஞ்சினுக்குப் பொட்டு வைக்கிறேன் என்று அழுத்தியதில் ஏதோ ஒரு சின்னக் குழாய் வளைந்துவிட்டது. டிரைவர்கள் நாலு பேர் நிற்கும்போதே, "ஒனக்கு எத்தன தடவ சொல்றது? அறிவுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று கத்திவிட்டார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவமானம் மட்டும் மூன்று நாளில் போகவில்லை, உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டது.

ஆண்டனிராஜ் வந்தது புரட்டாசிக் கடைசியில். தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். முப்பத்தைந்து வயசு இருக்கும். சொந்தமாக ஒரு விசைப்படகு, அதில் எஞ்சின் போய்விட்டது. லாரி எஞ்சினைத்தான் படகிலும் வைத்து ஓட்டுகிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். யாரோ லாரிக்காரர் சொல்லி எங்களைத் தேடி வந்திருந்தார்.

"கடல்ல ஓடுற எஞ்சின நான் பண்ணுனதில்லையே தம்பி" என்றார் இவர்.

"கடலுக்குன்னு தனி எஞ்சின் ஏதுண்ணே? ரோட்டுல நின்னா எறங்கித் தள்ளுவீங்க. அங்க எறங்க முடியாது. அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்று சிரித்தார் ஆண்டனிராஜ்.

அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவர் நாலு நாள் இங்கேயே தங்கினார். பட்டறைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு என்பதால் சாப்பாடு என் கையில். முதல் நாள் கூச்சப்பட்டுக்கொண்டு கொஞ்சமாகச் சாப்பிட்டார். "என்ன தம்பி, சோறு புடிக்கலையா, இல்ல என் மூஞ்சி புடிக்கலையா?" என்று கேட்டேன். மறுநாளிலிருந்து தட்டை அவரே எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். "அக்கா, இன்னைக்கி என்ன வெஞ்சனம்?" என்று அடுப்படி வாசலிலேயே நிற்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் கூடப் பிறந்த தம்பியும் இல்லை. அப்படி உரிமையாக வந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

அவருடைய இடது முன்கையில் முழங்கை வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. கேட்டேன்.

"ஆயில் ஃபில்டர் கழட்டப் போயி வெந்தது அக்கா. படகுல எஞ்சின் ஒரு குழிக்குள்ள ஒக்காந்திருக்கும். ஃபில்டர் கீழ, பலகை ஓரத்துல இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. சூடா இருக்கிற சைலன்சர் குழாய்க்கு அடியில கைய விட்டுத் துழாவித்தான் கழட்டணும். கழட்டுனா ஆயில் அம்புட்டும் கையிலதான் கொட்டும்."

அதனால்தான் எஞ்சினைவிட முக்கியமாக அவர் ஒன்று கேட்டார். ஃபில்டரை அந்த இடத்திலிருந்து எடுத்து, மேலே கை எட்டுகிற மாதிரி படகுச் சுவரில் வைத்துக் கொடுக்க வேண்டும்.

இவருக்கு அந்த வேலை பிடித்துப்போனது. நாகல் நகரில் லேத் வைத்திருக்கும் சனாவுல்லா பாயிடம் போய் இரண்டு சாமான் கடைந்து வாங்கி வந்தார். ஒன்று, எஞ்சினில் ஃபில்டர் இருந்த இடத்தில் முடுக்குகிற தட்டு. அதில் இரண்டு ஓட்டை. இன்னொன்று, மேலே சுவரில் வைத்து அதில் ஃபில்டரை மாட்டுகிற தலை. அதிலும் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டு ஓட்டை. கீழே இருக்கிற தட்டையும் மேலே இருக்கிற தலையையும் இரண்டு ஹோஸ் போட்டு இணைத்தார். பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் ஒழுகும் என்று நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். ஜேசிபிக்குப் போடுகிற தடித்த ஹோஸ்தான் போட்டார். இரண்டும் ஒரே நீளம், ஒரே கறுப்பு, ஒரே மரை.

டீ கொண்டு போன நான் சும்மா இருக்காமல் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு. எது எங்க போகணும்னு எப்படித் தெரியும்?"

"ஒண்ணுல அழுக்கு ஆயில் மேல போகும். ஃபில்டர்ல இருக்கிற பேப்பர் அழுக்கப் புடிச்சுக்கும். இன்னொண்ணுல நல்ல ஆயில் திரும்பி எஞ்சினுக்கு வரும்."

"மாத்தி மாட்டிட்டா?"

"மாத்தி மாட்டுனா மொதல்ல ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் ஓடும். மீட்டர்ல பிரஷரும் சரியாத்தான் காட்டும். ஆனா பேப்பர் உள்ள இருந்து வெளிய உப்பி உப்பி, எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ கழிச்சுக் கிழியும். கிழிஞ்சது பூரா எஞ்சினுக்குள்ள போயி ஆயில் போற வழிய அடைச்சிரும். அப்புறம் எஞ்சின் இறுகி அப்படியே நிக்கும். கடையில வாங்குறதுல அம்புக்குறி போட்டிருப்பான். இது நம்ம பாய் கடைஞ்சது. இதுல என்ன இருக்கு? நாமதான் அடையாளம் வச்சுக்கணும்."

ஆண்டனிராஜ் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்பில் பருப்பு தீய்ந்துவிடும் என்று ஓடிவந்துவிட்டேன். அதற்கப்புறம் என்ன அடையாளம் வைத்தார் என்று நான் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. அவர் வைத்தது இதுதான் என்று பின்னால்தான் தெரிந்தது. ஏற்றுவதற்கு வசதியாக மேல் தலையைக் கழற்றிச் சாக்கில் போட்டார். ஹோஸ் இரண்டும் எஞ்சின் பக்கத்தில் மாட்டியபடியே இருக்க, மேல் நுனிகளில் துணியை அடைத்தார். அழுக்கு ஆயில் போகிற ஹோஸ் நுனியில், கைக்கு எட்டிய ஆணியிலிருந்து என் சிவப்புக் கயிறு ஒன்றை உருவிக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் மினி லாரி வந்தது. இவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரரோடு வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தார். ஆண்டனிராஜ் டிரைவரோடு போய்த் தார்ப்பாய் கட்டக் கயிறு வாங்கிக்கொண்டிருந்தார். நான் பூஜைத் தட்டோடு போனேன். ஹோஸ் இரண்டும் சுருட்டி எஞ்சின் மேல் கிடந்தன. அதில் ஒன்றில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. எண்ணெய் ஊறிக் கறுத்து, பார்க்கவே சகிக்கவில்லை. எனக்கு என்ன தோன்றியது என்றால், இந்த மனுஷன் என்னைத் திட்டினாலும் தானே சாமிக் கயிறு கட்டியிருக்கிறார், கட்டினவர் சுத்தமான கையோடு கட்டக் கூடாதா என்றுதான். மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அழுக்குக் கயிறோடு ஒரு பிள்ளையைக் கடலுக்கு அனுப்பக் கூடாது என்று அதை அறுத்துப் போட்டேன். மண்ணெண்ணெய்த் துணியால் இரண்டு ஹோஸையும் நன்றாகத் துடைத்தேன். உள்ளே போய் ஆணியிலிருந்து புதுக் கயிறு ஒன்று எடுத்து வந்தேன். அதற்குள் மினி லாரி டிரைவர் திரும்பி வந்து ஹாரன் மேல் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். "ஏலே, பொறு! ஒரு நிமிசத்துல குடியா முழுகிரும்?" என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டே, மேலே கிடந்த ஹோஸில் கயிற்றைச் சுற்றிக் கட்டினேன்.

நான் சின்னாளபட்டிக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் சுங்குடிப் புடவைக்கு நாள் முழுக்க முடிச்சுப் போட்ட விரல். எதைக் கட்டினாலும் நூலை ஒட்டி ஒட்டிச் சுற்றி, கடைசியில் நகத்தால் இழுத்து இறுக்குவேன். பிரிக்க வேண்டுமானால் அறுத்துத்தான் ஆக வேண்டும். அப்படித்தான் அதையும் கட்டினேன்.

"வாரேன் அக்கா" என்றார் ஆண்டனிராஜ். ஒரு டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவருக்கு போன் வந்தது. எச்சில் கையோடு ஸ்பீக்கரில் போட்டார். ஆண்டனிராஜ்தான். எஞ்சினைக் குழிக்குள் இறக்கியாகிவிட்டது, ஃபில்டர் தலையைச் சுவரில் வைத்துவிட்டேன், இனி ஹோஸ்தான் மாட்ட வேண்டும் என்றார்.

"சிவப்புக் கயிறு கட்டுனது வலது பக்கம் தம்பி. நீ பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான கட்டுனேன். கீழ எஞ்சின்கிட்ட பாக்க முடியாது. கயிறுதான் கணக்கு."

"ஆமாண்ணே, செவப்பு கையிலதான் இருக்கு. வலது பக்கம். சரியா?"

"சரி."

பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தேன். தண்ணீர் குடித்தேன். கயிறு அடையாளத்துக்குக் கட்டியது என்று அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. எந்த ஹோஸிலிருந்து அறுத்தேன், எந்த ஹோஸில் கட்டினேன்? துடைக்கும்போது இரண்டும் புரண்டு போயிருக்கும். மேலே கிடந்ததில் கட்டினேன். முதலில் கயிறு இருந்ததும் மேலே கிடந்ததுதானா? கண்ணை மூடி யோசித்துப் பார்த்தேன். ஹாரன் சத்தம்தான் காதில் கேட்டது.

சொல்லியிருக்கலாம். "ஏங்க, அந்தக் கயிற நான் மாத்திக் கட்டிட்டேன்" என்று ஒரு வரி. அவர் கத்தியிருப்பார். உடனே போனைப் போட்டு, எஞ்சினைத் தூக்கிப் பார் என்று சொல்லியிருப்பார். அம்புட்டுத்தான் நடந்திருக்கும். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு ஆவணி மாசமும், சுற்றி நின்ற நாலு டிரைவர்களும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். தொடாதே என்று சொன்ன பிறகும் தொட்டாய் என்பார். நான் தொட்டது நிஜம். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டேன்.

சாயங்காலம் மறுபடி போன். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது, அரை மணி நேரம் ஓடியது, பிரஷர் சரியாகக் காட்டுகிறது என்றார். இவர் முகம் பூரித்துப் போனது. "பாத்தியா கலா, எங்கயோ கடல்ல நம்ம எஞ்சின்" என்றார். எனக்கும் மூச்சு வந்தது. சரியான ஹோஸில்தான் கட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மாற்றி மாட்டினாலும் முதலில் பிரஷர் சரியாகத்தான் காட்டும் என்று அவர் சொன்னது ராத்திரி படுத்த பிறகு ஞாபகம் வந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இவர் உதிரிச் சாமான் வாங்க மதுரைக்குப் போயிருந்தார். எனக்கு வேலை ஓடவில்லை. அரிசியை இரண்டு தடவை களைந்தேன். மூன்று மணிக்குப் பொறுக்க முடியாமல் என் போனிலிருந்து ஆண்டனிராஜைக் கூப்பிட்டேன். கூப்பிட்டது சொல்வதற்குத்தான். மாரியம்மன் சாட்சியாக, சொல்வதற்குத்தான்.

"அக்கா!" என்று எடுத்தார். பின்னால் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம். "நாளைக்கிக் காலைல கடலுக்குப் போறோம் அக்கா. எஞ்சின் என்னமா சத்தமே இல்லாம ஓடுது தெரியுமா? அண்ணன் கையில தங்கம் இருக்கு. இங்க எல்லாரும் வந்து வந்து பாக்குறாங்க. ஃபில்டர் மேல இருக்கிறதப் பாத்துட்டு எனக்கும் வேணும் எனக்கும் வேணும்கிறாங்க. அண்ணனுக்கு இனிமே வேல கொட்டப் போகுது பாருங்க."

நான் வாயைத் திறந்தேன். எஞ்சினைத் தூக்க வேண்டும் என்றால் கிரேன் வேண்டும், ஆள் வேண்டும், நாளைக்குக் கடலுக்குப் போக முடியாது. ஊரே பார்த்துப் பாராட்டிய வேலையைச் சந்தேகம் என்று எப்படிச் சொல்வது? பொண்டாட்டி சாமி கும்பிட்டுக் குளறுபடி பண்ணிவிட்டாள் என்று இவர் பெயர்தானே கெடும்? அதுவும் சரியாகவே இருந்துவிட்டால்? பாதிக்குப் பாதி சரியாக இருக்கலாமே?

"என்னக்கா, சும்மாதான் கூப்புட்டீங்களா?"

"ஆமா தம்பி. சாப்டியா?"

"இப்பத்தான் அக்கா. ஒங்க ஊறுகாதான். ஆனந்தி பாதி டப்பாவக் காலி பண்ணிட்டா." ஆனந்தி அவருடைய மனைவி. பக்கத்தில் யாரோ பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"சரிப்பா. பாத்துப் போயிட்டு வா" என்று வைத்துவிட்டேன்.

ஊரில் எல்லோரிடமும் எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிற சூர்யகலா அவ்வளவுதான் பேசினாள்.

புதன்கிழமை போனவர்கள் வியாழக்கிழமை காலையில் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. வியாழக்கிழமை இரவு ஆனந்தி இவருக்குப் போன் செய்தாள். வேறு படகுக்காரர்களோடு ஆண்டனிராஜ் புதன் மத்தியானம் மூன்று மணி வரைக்கும் வயர்லெஸ்ஸில் பேசியிருக்கிறார். எஞ்சின் நின்றுவிட்டது, சுற்ற மாட்டேன் என்கிறது என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் காற்று ஏறிவிட்டது. போன படகெல்லாம் கரைக்கு ஓடி வந்துவிட்டன. தேடப் போக முடியவில்லை.

காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். மூன்று மணிக்கு நின்றது. நான் விரலை மடக்கி எண்ணினேன். ஒன்பது மணி நேரம். எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ என்று இவர் சொன்னாரே, அந்தக் கணக்கு. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லிலும் மழை. பைபாஸில் தண்ணீர் ஓடியது. இவர் பட்டறைக் கதவைத் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தப்புப் பண்ணுனேன்? பேரிங் இறுக்கிப் போட்டேனா? ஆயில் வழியில துணி கிணி விட்டுட்டேனா?" என்று ஒவ்வொன்றாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இனிச் சொல்லி என்ன ஆகப் போகிறது, ஆள் உயிரோடு வந்து சேரட்டும், அன்றைக்கே காலில் விழுந்து சொல்லிவிடுகிறேன் என்று மாரியம்மனிடம் பேரம் பேசினேன். தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும்கூடக் காசு முடிந்து வைத்தேன்.

சனிக்கிழமை இரண்டு பேரை ஐஸ் பெட்டியைப் பிடித்தபடி மிதக்கும்போது காப்பாற்றினார்கள். அவர்கள் ஆண்டனிராஜோடு போன கடல் ஆட்கள். படகு அலையில் பக்கவாட்டாகத் திரும்பித் தண்ணீர் ஏறிவிட்டதாம். ஐஸ் பெட்டியில் இரண்டு பேருக்குத்தான் பிடிக்க இடம். எஞ்சினை எப்படியாவது ஸ்டார்ட் செய்துவிடுகிறேன் என்று ஆண்டனிராஜ் கடைசி வரைக்கும் அந்தக் குழிக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

திங்கட்கிழமை ஆண்டனிராஜ் உடம்பு கரை ஒதுங்கியது. இவர் மாலை வாங்கிக்கொண்டு தனியாகப் போய் வந்தார். என்னைக் கூப்பிட்டார். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். நிஜமாகவே காய்ச்சல் வந்தது, ஆனால் அவர் போன பிறகுதான் வந்தது.

பாதி மூழ்கிக் கிடந்த படகைக் கட்டியிழுத்துக் கரைக்குக் கொண்டுவர இன்னும் நாலு நாள் ஆனது. பிழைத்து வந்த இரண்டு பேரில் ஒருவர் எஞ்சினை வெளியே தூக்கி வைத்து போட்டோ எடுத்து இவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். ஃபில்டரைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே பேப்பர், தண்ணீரில் ஊறின அப்பளம் போலக் கிழிந்து கிடந்தது. இவர் அடுத்த போட்டோவைப் பெரிதாக்கினார். வலது பக்க ஓட்டையில் சிவப்புக் கயிறு கட்டிய ஹோஸ். அதை விரலால் தடவித் தடவிக் கீழே போனார். எஞ்சின் பக்கத்தில் அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தார். போனை மடியில் வைத்துவிட்டார்.

"நான்தான் மாத்திக் கட்டியிருக்கேன் கலா."

நான் அவர் மடியில் கிடந்த போனைப் பார்த்தேன்.

"நல்ல ஆயில் வர்ற ஹோஸ்ல கயித்தக் கட்டியிருக்கேன். அந்தப் பையன் நான் சொன்ன மாதிரிதான் மாட்டியிருக்கான். முப்பது வருசமா பாத்த வேல. என் கைதான் கொன்னுருச்சு." அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். மெதுவாக இல்லை.

நான் பிடித்தேன். பிடித்து நிறுத்த முடியவில்லை. அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை. இனிமேல் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட மாட்டேன் என்றார். நாளைக்கே போய் ஆனந்தியிடம் சொல்லிவிட்டுப் போலீசில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். நான் பேசாமல் இருந்தால் அவர் அப்படித்தான் செய்வார். சாகிற வரைக்கும் அதைத் தன் கை என்றே நினைத்துக்கொண்டு இருப்பார். யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். அது எவ்வளவு வசதி என்று ஒரு நிமிஷம் தோன்றியதையும் இங்கே மறைக்கப் போவதில்லை.

அவர் மடியிலிருந்து போனை எடுத்தேன். கயிற்றை இன்னும் பெரிதாக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"முடிச்சப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். ஏழெட்டுச் சுற்று, ஒன்றை ஒன்று ஒட்டி, கடைசியில் உள்ளே இழுத்து இறுக்கியது. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடித் துணியிலிருந்து அவருடைய டிபன் தூக்கு வரைக்கும் அதே கட்டுதான்.

"வெள்ளிக்கிழம நான்தான் கட்டுனேன். ஒங்க கயிறு அழுக்கா இருந்துச்சு. சாமிக் கயிறுன்னு நெனச்சு அறுத்துட்டு வேற கட்டுனேன்."

அவர் வெகுநேரம் போட்டோவைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார்.

"அது அடையாளக் கயிறுன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல வாய் வந்தது. இப்போதுதான், இந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"திங்கக்கிழம. நீங்க சாப்புட்டுக்கிட்டே அந்தத் தம்பிகிட்டப் பேசுனீங்கள்ல, அப்ப."

"அதுக்கப்புறம் ஒன்றரை நாள் அவன் கரையிலதான இருந்தான்?"

"ஆமா."

அவர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போன் என் கையிலேயே அடித்தது. ஆனந்தி.

எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "நீ பேசு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"ஹலோ" என்றேன்.

"அக்காவா?" அழுது அழுது அந்தப் பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "அண்ணன் வந்தப்ப ஒங்களுக்குக் காய்ச்சல்னாங்க. இப்பத் தேவலையா அக்கா?"

"ம்."

"அவருக்கு ஒங்க மேல ரொம்பப் பிரியம் அக்கா. நாலு நாள் சோறு போட்டாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. போறதுக்கு மொத நா நீங்க போன் பண்ணுனீங்கள்ல, நான் பக்கத்துலதான் இருந்தேன். வச்சிட்டு என்கிட்ட சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. 'பாரு, கூடப் பொறந்தவ ஒருத்தி இல்லன்னு நெனச்சேன். சாப்டியான்னு கேக்கிறதுக்குன்னே திண்டுக்கல்லுலருந்து ஒரு அக்கா கூப்புடுது'ன்னாரு. அன்னைக்கிப் பூரா அதயே சொல்லிக்கிட்டு இருந்தாரு அக்கா. அதான் ஒங்ககிட்டச் சொல்லணும்னு தோணிக்கிட்டே இருந்துச்சு."

வாசலில் இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் செவ்வாய்க்கிழமை போன் செய்தது அவருக்கு அதுவரைக்கும் தெரியாது.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன் ஆனந்தி" என்றேன். "நான் அன்னைக்கி சாப்டியான்னு கேக்கிறதுக்குக் கூப்புடல."